குவாண்டம் கணினி பற்றிய செய்திக் குறிப்பு வந்தால், எழுதும் முன்

செய்திக் குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஆய்வுக் கட்டுரையைத் தேடுங்கள். கட்டுரையே இல்லையென்றால் 'சாதித்தது' என்று எழுதாதீர்கள், 'நிறுவனம் சொல்கிறது' என்பதோடு நிறுத்துங்கள். மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளைப் பதிவேற்றும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் மட்டும் இருந்தால், சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை என்பதை இரண்டாம் பத்திக்குள் சொல்லிவிடுங்கள்.

நேச்சர் ஆய்விதழில் வந்த கட்டுரை என்றால், மதிப்பாய்வாளர் கருத்துகள் அடங்கிய கோப்பு பெரும்பாலும் அதே பக்கத்தின் அடியில் இருக்கும். அதையும் இறக்கிப் படிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் 'மயோரானா 1' குவாண்டம் சில்லை (chip) அறிவித்தபோது, கூடவே வெளியான கட்டுரையின் முடிவுகள் மயோரானா நிலைகள் (அந்தச் சில் நம்பியிருக்கும் அரிய குவாண்டம் நிலைகள்) இருப்பதற்குச் சான்று ஆகாது என்று இதழின் ஆசிரியர் குழுவே அந்தக் கோப்பில் குறித்திருந்தது. செய்தியின் உயிர்நாடி அந்த ஒரு வரிதான்.

அடுத்தது க்யூபிட் எண்ணிக்கை. க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு. பெரிய எண்ணைக் கண்டதும் தலைப்பில் போடத் தோன்றும், போடாதீர்கள். 2023 டிசம்பரில் ஐபிஎம் 1,121 க்யூபிட் கொண்ட காண்டர் சில்லையும் 133 க்யூபிட் கொண்ட ஹெரான் சில்லையும் ஒன்றாக அறிமுகப்படுத்தியது. தன் 'சிஸ்டம் டூ' கணினியில் அது பொருத்தியது ஹெரானைத்தான், ஏனென்றால் அதில் பிழை குறைவு. ஆகவே எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இரண்டு க்யூபிட் கேட்டின் (இரண்டு க்யூபிட்களை இணைத்துச் செய்யும் அடிப்படைச் செயலின்) பிழை விகிதத்தையும் எழுதுங்கள். பௌதிக க்யூபிட்டா (சில்லில் உள்ள தனி க்யூபிட்), தருக்க க்யூபிட்டா (பிழையைத் திருத்தப் பல க்யூபிட்களைச் சேர்த்து உருவாக்குவது) என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். கூகுளின் வில்லோ சில்லில் மொத்தம் 105 க்யூபிட். பிழைதிருத்தச் சோதனையில் அவற்றில் 101 சேர்ந்துதான் ஒரே ஒரு தருக்க க்யூபிட் ஆனது. வாசகருக்குத் துறையின் இன்றைய நிலை இந்தக் கணக்கிலேயே புரிந்துவிடும்.

'சூப்பர் கணினிக்கு இத்தனை ஆண்டுகள் ஆகும்' என்ற வரி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன வேலை, எந்த வழிமுறையோடு ஒப்பிட்டார்கள்? 2019-இல் கூகுளின் சிக்கமோர் சில் 200 விநாடியில் முடித்த வேலைக்குச் சூப்பர் கணினிக்கு 10,000 ஆண்டுகள் ஆகும் என்று கூகுள் சொன்னது. வழிமுறையை மாற்றினால் இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் மறுத்தது. அந்த வேலையே சீரற்ற சுற்றுகளின் (தற்செயலாகத் தேர்ந்த கேட்களின் தொடர்) வெளியீட்டை மாதிரி எடுக்கும் சோதனைதான். அதிலிருந்து மருந்தோ பேட்டரியோ வராது என்பதையும் எழுதுங்கள்.

'குறியாக்கம் உடைந்தது' என்ற செய்தியில் எண்ணின் நீளத்தைப் பாருங்கள். 2024-இல் சீன ஆய்வாளர்கள் டி-வேவ் நிறுவனத்தின் குவாண்டம் கருவியைக் கொண்டு ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையை உடைத்ததாகப் பரவிய செய்தியில், அவர்கள் காரணிப்படுத்தியது (பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தது; ஆர்எஸ்ஏவை உடைக்க அதைத்தான் செய்ய வேண்டும்) 22 பிட் எண், அதாவது ஏழு இலக்கம். கைப்பேசியே அதை நொடியில் செய்துவிடும். நடைமுறையில் உள்ள 2,048 பிட் எண்ணுக்கு 617 இலக்கம். இந்த இரண்டு அளவையும் அடுத்தடுத்துப் போட்டாலே பீதி அடங்கிவிடும்.

அயான்க்யூ, ரிகெட்டி, டி-வேவ் ஆகிய மூன்று குவாண்டம் நிறுவனங்களும் அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ளவை. அவற்றின் ஆண்டறிக்கையில் 'அபாயங்கள்' பகுதியைப் படியுங்கள், விளம்பரத்தில் சொல்லாததைச் சட்டத்துக்குப் பயந்து அங்கே சொல்லியிருப்பார்கள்.

கருத்து கேட்பதானால் அந்த ஆய்வில் பங்கில்லாதவரிடம் கேளுங்கள். சென்னை ஐஐடியிலும் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் இத்துறையினர் இருக்கிறார்கள். 'உங்கள் கருத்து என்ன?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கட்டுரையை இணைத்து, எந்தப் படத்தில் எந்த எண் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, 'குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதிக்கும்' என்ற வாக்கியம் உங்கள் பிரதியில் இருந்தால் அடித்துவிடுங்கள். அளந்தால் ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்து, சரியானதன் வாய்ப்பு கூடும்படி சுற்றை அமைப்பதுதான் இதில் உள்ள வித்தை.