ஓவியத்தைப் பார்த்து மூணு வரிக் கவிதை எழுதுறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

ஓவியத்தைப் பார்த்து எழுதுன கவிதைன்னு வர்றதுல நிறைய ஒரே மாதிரி இருக்கும். வண்ணங்கள் பேசும், தூரிகை அழும், மௌனம் உறையும், கடைசி வரில காலம் நின்னு போயிரும். அந்தக் கவிதையைத் தூக்கி வேற எந்த ஓவியத்துக்குக் கீழ ஒட்டுனாலும் கச்சிதமா பொருந்தும், பிரச்சினையே அதுதான். படத்தை மாத்தி வச்சும் கவிதை பொருந்துதுன்னா எழுதுனவங்க படத்தைப் பாக்கவே இல்லன்னு அர்த்தம். இந்த ஒரு டெஸ்ட்டை மனசுல வச்சுக்கிட்டு கீழ உள்ள ஸ்டெப்புக்குப் போங்க, இலக்கணம் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம், ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு படம் போதும்.

ஸ்டெப் 1: படத்தைத் தேர்ந்தெடுக்குறது

ஆரம்பத்துல மோனாலிசா வேண்டாம். அந்தச் சிரிப்பைப் பத்தி எல்லாரும் சொன்னது ஏற்கனவே உங்க தலைக்குள்ள உக்காந்திருக்கும், நீங்க எழுதுனாலும் அவங்க சொன்னதுதான் வெளிய வரும். முழுக்க கோடும் கலருமா இருக்குற அப்ஸ்ட்ராக்ட் படமும் இப்போதைக்கு வேண்டாம், அது நல்லாருக்காதுன்னு இல்ல, பிடிச்சுக்கறதுக்கு ஒரு பொருள் இல்லாததால சோகம், ஏக்கம்னு பெரிய பெரிய வார்த்தைக்கு ஓடிருவோம். யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு வேலையைப் பாதில பண்ணிட்டிருக்குற படம்தான் பெஸ்ட். போட்டோ, சிற்பம், குழந்தைங்க கிறுக்குன படம், எதுவா இருந்தாலும் சரி.

படம் பெருசா, தெளிவா இருக்கணும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ரெண்டுமே பழைய ஓவியங்களை நல்ல ரெசல்யூஷன்ல ஃப்ரீயா டவுன்லோட் பண்ண விடுறாங்க. சின்ன தம்ப்நெயிலை வச்சு எழுதாதீங்க, நமக்கு வேணும்கிற விஷயம் எல்லாம் ஜூம் பண்ணாத்தான் தெரியும்.

இந்தப் பதிவுல நான் ஒரே படத்தைத்தான் கடைசி வரைக்கும் வச்சுக்கப் போறேன்: டச்சு ஓவியர் யோஹானஸ் வெர்மீர் 1660 வாக்குல வரைஞ்ச 'தி மில்க்மெயிட்'. ஒரு வேலைக்காரப் பொண்ணு ஜன்னல் பக்கத்துல நின்னு ஜாடில இருந்து பாலை ஊத்திக்கிட்டிருக்கா, அவ்ளோதான் படம். 45.5 × 41 செ.மீ, விரிச்சு வச்ச நியூஸ்பேப்பரை விடச் சின்னது. இதைத் திறந்து பக்கத்துல வச்சுக்கிட்டே மேல படிச்சா நல்லது.

ஸ்டெப் 2: பாக்குறது (இதுதான் உண்மையான வேலை)

2001ல வந்த ஒரு ஆய்வுல, மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு வர்றவங்க ஒரு முக்கியமான ஓவியத்தை எவ்வளவு நேரம் பாக்குறாங்கன்னு அளந்தாங்க, சராசரி 27 செகண்டு. அதுவும் ரொம்ப நேரம் நின்ன சில பேரால ஏறுன கணக்கு, நடு அளவு எடுத்தா வெறும் 17 செகண்டுதான். அந்த நேரத்துல யாருக்கும் கவிதை வராது, 'நல்லாருக்கு'ன்னு வேணா வரும்.

போன்ல அஞ்சு நிமிஷம் டைமர் வைங்க. பேனாவைத் தொடாதீங்க. படத்தோட கதை, ஓவியரோட வரலாறு, விக்கிபீடியா எதையும் இப்ப படிக்காதீங்க, அதெல்லாம் அப்புறம். முதல்ல நாலு மூலையைப் பாருங்க, அப்புறம் ஓரங்கள், அப்புறம் பின்னாடி இருக்குற சுவர், வானம், தரை, கடைசியாத்தான் நடுவுல இருக்குற ஆளு. கண்ணு தானா முகத்துக்குத்தான் ஓடும், இழுத்துட்டு வாங்க. ரெண்டாவது நிமிஷத்துல செம போர் அடிக்கும், அடிக்கட்டும், அதுக்கு அப்புறம்தான் புதுசா ஏதாவது கண்ணுல படும்.

மூலையைப் பாக்கச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ப்ரூகல்ங்கற பழைய ஐரோப்பிய ஓவியர் பேர்ல இருக்குற ஒரு ஓவியம், கிரேக்கப் புராணத்துல வர்ற இக்காரஸ் வானத்துல இருந்து விழுற கதை. மெழுகு இறக்கையோட சூரியன் கிட்ட பறந்து போய், இறக்கை உருகிக் கடல்ல விழுந்தவன். ஆனா படத்துல பெருசாத் தெரியுறது நிலத்தை உழுதுட்டிருக்குற ஒரு விவசாயிதான். இக்காரஸைத் தேடணும், வலது பக்கம் கீழ கப்பலுக்குப் பக்கத்துல ரெண்டு கால் மட்டும் தண்ணிக்கு மேல தெரியும். நடுவுல மட்டும் பாத்துட்டுப் போறவங்களுக்கு அந்தப் படத்தோட கதாநாயகனே கிடைக்க மாட்டான்.

ஸ்டெப் 3: லிஸ்ட் போடுறது

இப்ப பேனாவை எடுங்க. கண்ணுக்குத் தெரிஞ்ச பொருளை மட்டும் எழுதுங்க. 'அழகான', 'சோகமான', 'அமைதியான' மாதிரி எதுவும் கூடாது, பொருள் பேரு மட்டும். மில்க்மெயிட் படத்துக்கு லிஸ்ட் இப்படி வரும்:

ஜாடி, பால், ரொட்டி, கூடை, நீலத் துணி, ஜன்னல், ஜன்னல்ல ஒரு உடைஞ்ச கண்ணாடி, சுவர்ல தொங்குற பித்தளைப் பாத்திரம், வெறும் சுவர், சுவர்ல ஒரு ஆணி, ஆணியோட நிழல், பழைய ஆணி அடிச்ச ஓட்டைங்க, தரையில கால் சூடு பண்ற ஒரு சின்ன மரப்பெட்டி.

ஆணி தெரியலயா? அவ தலைக்கு மேல சுவரை ஜூம் பண்ணிப் பாருங்க. அப்புறம் லிஸ்ட்டுக்குக் கீழ ஒரு கோடு போட்டு, படத்துல என்ன இல்லன்னும் எழுதுங்க, ஆரம்பிக்கிறவங்க நிறைய பேரு இதைத் தாண்டிப் போயிடுவாங்க, ஆனா ஒரு கவிதைக்குப் பாதி சரக்கு இங்கதான் இருக்கும். எட்வர்ட் ஹாப்பர் 1942ல வரைஞ்ச 'நைட்ஹாக்ஸ்' படத்துல ராத்திரி நேரம் ஒரு கடைக்குள்ள நாலு பேர் இருப்பாங்க, அந்தக் கடைக்குத் தெருவுல இருந்து உள்ள போறதுக்கு ஒரு கதவே படத்துல கிடையாது. இது கண்ணுல பட்டுருச்சுன்னா 'தனிமை'ன்னு நீங்க எழுதவே வேண்டாம். நம்ம படத்துல என்ன இல்ல? இன்னொரு ஆள் இல்ல, உக்கார நாற்காலி இல்ல, அந்த ஆணில எதுவும் தொங்கல.

ஸ்டெப் 4: ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டு கேள்வி கேக்குறது

மூணு வரில ஒரு பொருளுக்குத்தான் இடம். லிஸ்ட்ல எதைப் பாத்தா உங்களுக்கு 'இது எதுக்கு இங்க?'ன்னு தோணுதோ அதை எடுங்க. ரொம்ப கண்ணுல அடிக்கிறதை விட்டுருங்க. இந்தப் படத்துல அது பால்தான், ஊத்துறது நிக்கவே இல்ல, இன்னும் ஊத்திக்கிட்டே இருக்கான்னு எழுதத் தோணும், எல்லாருக்கும் முதல்ல அதான் தோணும்.

நான் ஆணியை எடுத்துக்குறேன். கேள்விகள்: இதுல முன்னாடி என்ன தொங்குச்சு? யார் கழட்டுனது? ஏன் ஆணியை மட்டும் விட்டுட்டாங்க? பதில் தெரியணும்னு இல்ல, இன்னும் சொல்லப்போனா பதில் சொல்லிட்டா கவிதை செத்துரும்.

ஸ்டெப் 5: எழுதுறது

முதல் டிராஃப்ட் பொதுவா இப்படித்தான் வரும்:

அமைதியான அறையில்
அழகிய பெண் பால் ஊற்றுகிறாள்
காலம் உறைந்தது

முதல் ரெண்டு வரி படத்துலயே தெரியுது, அதைத் திரும்பச் சொல்ல கவிதை எதுக்கு? மூணாவது வரி யாரோடதோ. ஆணிக்கு வருவோம்:

வெறும் சுவரில் ஓர் ஆணி
முன்பு என்ன தொங்கியதென்று
அவளுக்கு மட்டுமே தெரியும்

பரவால்ல, இப்ப இந்தப் படத்துக்கு மட்டும்தான் பொருந்துது. ஆனா 'அவளுக்கு மட்டுமே தெரியும்'னு சொன்னதும் கதவைச் சாத்துன மாதிரி ஆயிருச்சு, படிக்கிறவருக்குச் செய்ய வேலை இல்ல. இன்னும் குறைச்சா:

கழற்றிய பிறகும்
ஆணியில்
அதன் கனம்

எது கழட்டுனதுன்னே சொல்லல. சுவர் போச்சு, பொண்ணு போச்சு, பாலும் போச்சு. படம் பக்கத்துல இருந்தா ஆணியைத் தேடுவாங்க, படம் இல்லாமப் படிச்சாலும் அவங்கவங்க வீட்ல கழட்டுன ஏதோ ஒண்ணு ஞாபகத்துக்கு வரும்.

இன்னொரு வழி, பேசுற ஆளை மாத்துறது. இதுவரைக்கும் வெளிய நின்னு பாத்தோம், இப்ப அந்தப் பொண்ணையே பேச விடுங்க, பேச்சுத்தமிழ்லயே. உடைஞ்ச ஜன்னல் கண்ணாடியை எடுத்துக்கலாம்:

கண்ணாடி உடைஞ்சு
ரொம்ப நாளாச்சு.
சமையக்கட்டுக்கு யாரு வர்றா?

கோபமா, சலிப்பா, நிம்மதியான்னு நான் சொல்லல, மூணும் அந்தக் கேள்விக்குள்ள இருக்கு. தரையில இருக்குற கால் சூட்டுப் பெட்டியிலயும் ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள கரி போட்டு, உக்காந்து கால் வச்சுக் குளிர் காயுறதுக்கான சாமான் அது, ஆனா இவ நிக்கிறா:

உட்காருபவர்களுக்கான கணப்பு
அவளுக்குப் பின்னால்
ஆறிக்கொண்டிருக்கிறது

ஒரே படம், மூணு கவிதை, மூணுலயும் பால் இல்ல.

ஸ்டெப் 6: வரிக் கணக்கு

ஹைக்கூன்னா, அதாவது ஜப்பான்ல இருந்து வந்த குட்டிக் கவிதைன்னா, மூணு வரிக்கு 5-7-5னு ஒலிக் கணக்கு இருக்கணுமேன்னு கேப்பீங்க. ஜப்பானிய மொழில அது 17 ஒலி அலகு, நம்ம வார்த்தைங்க விகுதி சேர்ந்து சேர்ந்து நீளமா போறதால எழுத்தை எண்ணி அதுக்குள்ள அடைச்சா கவிதை மூச்சு முட்டும். 1916லயே பாரதி ஜப்பானியக் கவிதையைப் பத்தி சுதேசமித்திரன்ல எழுதி தமிழுக்கு அறிமுகம் பண்ணிட்டார், அதுக்கப்புறம் தமிழ்ல வந்த ஹைக்கூ பெரும்பாலும் மூணு வரிங்கறதை மட்டும் வச்சுக்கிட்டு எண்ணிக்கையை விட்டுருச்சு. நீங்களும் விட்டுருங்க. மொத்தம் பத்து பன்னெண்டு வார்த்தைக்குள்ள முடிச்சா போதும். மரபு பிடிக்கும்னா குறள் வெண்பா முயற்சி பண்ணலாம், ரெண்டு அடி ஏழு சீர், ஆனா தளை (ஒரு சீர் அடுத்த சீரோட சேர்ற விதி) தட்டாம எழுதணும்னு யோசிக்கிறதுல ஆணி மறந்து போயிரும், அதனால முதல்ல வேண்டாம்.

ஜப்பான்ல 'ஹைகா'ன்னு ஒண்ணு இருக்கு, ஒரே தாள்ல ஓவியமும் ஹைக்கூவும். பூசோன் (1716–1784) ரெண்டுலயும் பெரிய கை. நல்ல ஹைகால படம் சொன்னதைக் கவிதை சொல்லாது, கவிதை சொன்னதைப் படம் வரையாது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும். நம்ம வேலையும் அந்த இடைவெளிலதான்.

ஸ்டெப் 7: வெட்டுறது

இப்பதான் படத்தைப் பத்திப் படிக்கணும். ஏன்னு பாருங்க. 2022ல ரைக்ஸ்மியூசியம் ஆராய்ச்சியாளர்கள் இந்த மில்க்மெயிட் படத்தை ஸ்கேன் பண்ணப்போ, அவ தலைக்குப் பின்னாடி சுவர்ல ஜாடிங்களை மாட்டி வைக்கிற ஒரு பலகையும், கீழ ஒரு நெருப்புக் கூடையும் அடியில இருக்குறது தெரிஞ்சுது. வெர்மீர் ரெண்டையும் வரைய ஆரம்பிச்சு, அப்புறம் வேண்டாம்னு மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கார். நாம இவ்வளவு நேரம் பாத்த அந்த வெறும் சுவர் சும்மா இருந்த சுவர் இல்ல, காலி பண்ண சுவர். கழட்டுன பிறகும் கனம்னு எழுதிட்டு இதைப் படிச்சா எப்படி இருக்கும்னு யோசிங்க! முன்னாடியே படிச்சிருந்தா ஸ்கேன் ரிப்போர்ட்டைத்தான் கவிதையா எழுதியிருப்போம்.

அவர் பண்ணதையே நாமளும் பண்ணணும். 'போல' இருந்தா எடுத்துட்டுப் பாருங்க. மௌனம், நினைவுகள், காலம், ஏக்கம், வலி, இந்த அஞ்சும் வந்தா அடிச்சுருங்க, திருப்பி வேணும்னு கவிதை கெஞ்சுனா மட்டும் ஒண்ணை உள்ள விடுங்க. மூணு புள்ளி, ஆச்சரியக்குறி வேண்டாம். கடைசி வரியை மூடிட்டுப் படிங்க, முதல் ரெண்டு வரியே நிக்குதுன்னா மூணாவது வரி விளக்கவுரை, தூக்கிருங்க.

ஸ்டெப் 8: தலைப்பும் கிரெடிட்டும்

படத்தோட பேரு, ஓவியர் பேரு, வருஷம் மூணையும் கவிதைக்குக் கீழ சின்னதா போட்டுருங்க, அதைக் கவிதைக்குள்ள திணிக்க வேண்டியதில்ல. பழைய ஓவியம்னா காப்பிரைட் பிரச்சினை பெரும்பாலும் இல்ல. இப்ப உயிரோட இருக்குற ஓவியர் படம்னா கேக்காமப் படத்தைப் போடாதீங்க, கவிதையும் லிங்க்கும் போதும். கேட்டா நிறைய பேர் சந்தோஷமாவே சரிம்பாங்க.

ஸ்டெப் 9: ஒருத்தர்கிட்ட காட்டுறது

முதல்ல படம் இல்லாம கவிதையை மட்டும் கொடுங்க, ஒண்ணும் சொல்லாதீங்க. அப்புறம் படத்தைக் காட்டுங்க. அவங்க கண்ணு படத்துல எதையோ தேடுதுன்னா வேலை முடிஞ்சுது. 'சூப்பர்'னு சொல்லிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துட்டா ஸ்டெப் 3க்குப் போய் லிஸ்ட்ல வேற பொருளை எடுங்க.

இப்ப உங்க டர்ன்

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831 வாக்குல போட்ட 'கனகாவா பேரலை' அச்சுப்படத்தை எடுத்துக்கோங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த நீல அலை. அதுல மூணு படகு இருக்கு, படகுல ஆட்கள் குனிஞ்சு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, தூரத்துல ஃபூஜி மலை குட்டியா அலைக்கு அடியில தெரியும், அதுவும் முதல்ல பாக்குறப்ப இன்னொரு அலைன்னுதான் தோணும். அஞ்சு நிமிஷம் டைமர், லிஸ்ட், என்ன இல்லங்கற லிஸ்ட், ஒரு பொருள், மூணு வரி. ஒரே ஒரு கண்டிஷன், கவிதைல 'அலை'ங்கற வார்த்தை வரவே கூடாது, 'கடல்'னு மாத்திப் போட்டு ஏமாத்தவும் கூடாது.