தண்ணீருக்குள் எரியும் மெழுகுவத்தி: பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு பழைய மேடை வித்தை

லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் 1862 டிசம்பரில் அறிவியல் விரிவுரையாளர் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஆவியைத் தோன்றச் செய்தபோது, கூட்டம் கண்டு வியந்தது சாய்த்து நிறுத்திய, ஊடே பார்க்கக்கூடிய பெரிய கண்ணாடித் தகட்டில் விழுந்த, மறைவிடத்து நடிகரின் பிம்பத்தைத்தான். மூல அமைப்பு பொறியாளர் ஹென்றி டிர்க்ஸ் வகுத்தது. புகழ் என்னவோ பெப்பருக்கே போனது.

இதே தத்துவத்தை அரூர், பென்னாகரம் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சியில் எளிதாகக் காட்டலாம். ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடியை, விளிம்பு தேய்த்து வாங்கி, மேசையின் நடுவே செங்குத்தாக நிறுத்துங்கள். முன்னால் 30 செ.மீ. தொலைவில் குட்டையான மெழுகுவத்தியையும், பின்னால் அதே தொலைவில் நேர் எதிரே வெறும் கண்ணாடித் தம்ளரையும் வைத்து, மெழுகுவத்தியைப் பார்வையாளர் பக்கம் கறுப்பு அட்டையால் மறையுங்கள். அவர்கள் நின்றபடி, அட்டைக்கு மேலாகப் பார்க்க வேண்டும். மெழுகுவத்தியை ஏற்றினால், கண்ணாடியில் விழும் சுடரின் பிம்பம் தம்ளருக்குள் எரிவதுபோல் தெரியும்.

தொலைவைச் சரிபார்ப்பதில்தான் வித்தை நிற்கிறது. தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள்; சுடர் தம்ளரை விட்டு நகர்ந்தால் இரு தொலைவும் சமமில்லை என்று பொருள், தம்ளரைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தையே திருப்பி அனுப்புவதால், அறையை நன்கு இருட்டாக்கி, தம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுவது அவசியம்; நம் ஊர் வகுப்பறைகளின் பகல் வெளிச்சத்தில் சுடர் வெளிறிப்போகும். கூட்டம் சேர்ந்தபின் செம்பிலிருந்து தம்ளரில் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். சுடர் அணையாது. பிறகு அட்டையை எடுத்து, சூட்சுமத்தை மாணவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.