பேட்ரிக் மர்ஃபிகள் நிறைய: ஐரிஷ் பூர்வீகத் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தில் முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் சறுக்குவது பெயரில்தான். பெயர் பொருந்தியதும் ஆள் கிடைத்துவிட்டார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கே மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரையும், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயரையும் வைப்பது பரவலான வழக்கம். அண்ணன் தம்பி நாலு பேர் என்றால் நாலு வீட்டிலும் ஒரு பேட்ரிக் மர்ஃபி இருப்பான், வயதும் முன்னே பின்னேதான் இருக்கும். வரி விதிப்பதற்காக எடுத்து 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் நில மதிப்பீட்டில், ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் பக்கத்தில் அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ சேர்த்திருப்பார்கள், நம் இனிஷியல் மாதிரி. அதனால் தேடல் முடிவோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தையும் திறந்து பாருங்கள்.

பெயரை மட்டும் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆனி மூர் நல்ல உதாரணம். 1892 ஜனவரி 1 அன்று, அமெரிக்காவின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் பதிவான கார்க் நகரத்துப் பெண் அவர். பின்னாளில் டெக்சாஸில் இறந்தார் என்றே பல்லாண்டுகள் எழுதி வந்தார்கள். 2006-இல் மெகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைத் தோண்டினார். டெக்சாஸ் ஆனி பிறந்ததே அமெரிக்காவின் இல்லினாயில்! கப்பலில் வந்த ஆனி நியூயார்க்கிலேயே வாழ்ந்து 1924-இல் இறந்தவர்.

பெயரோடு ஊரும் வேண்டும். மாவட்டம் தெரிந்தால் போதாது, ‘டவுன்லேண்ட்’ எனப்படும் சிற்றூர் வரை போக வேண்டும். அப்படி அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இன்னொன்று, சொந்த ஊர் என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் ‘குயின்ஸ்டவுன்’ (இன்றைய கோவ்) பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகமாகத்தான் இருக்கும்.

‘1922-லேயே எல்லாம் எரிந்துபோச்சே’ என்று கைவிடுவதும் தவறு. உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அதில்தான் போயின. ஆனால் ஞானஸ்நானம், திருமணம் எழுதிவைக்கும் கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேடுகள் அங்கே இல்லை. அவற்றின் படங்களைத் தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. பல லத்தீனில் இருக்கும், ஜேம்ஸைத் தேடுகிறவர் ‘யாகோபுஸ்’ என்று தேட வேண்டும். 1901, 1911 கணக்கெடுப்புகளும் முழுசாக, இலவசமாகக் கிடைக்கின்றன.

கிடைத்த ஆவணத்தில் உள்ள வயதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1909-இல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. அதற்குப் பின் நடந்த 1911 கணக்கெடுப்பில் பலர் பத்தே வருடத்தில் பதினைந்து வயது கூடியிருக்கிறார்கள்! பிறப்பைப் பதிய 42 நாள் கெடு; தாண்டினால் அபராதம். அதற்குப் பயந்து பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். அதனால் சில குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவாகியிருக்கும். இது வேறு குழந்தை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

அப்புறம் டிஎன்ஏ. ‘82 சதவீதம் ஐரிஷ்’ என்ற வகை எண்ணை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது மதிப்பீடு, நிறுவனம் கணக்கைத் திருத்தினால் மாறும். பயன் தருவது பொருந்தும் உறவினர் பட்டியல்தான். அதிலும் கவனம் வேண்டும். இரு உறவினருக்கு எள்ளுத்தாத்தா ஒருவரே ஆனாலும், பத்தில் ஒரு ஜோடிக்கு டிஎன்ஏ துளிகூடப் பொருந்தாது. அதற்கு ஒரு தலைமுறை மேலே போனால் பாதிக்குப் பாதி. ஆகவே பொருத்தம் இல்லை என்பதற்காக உறவே இல்லை என்று ஆகாது. அப்பாவழியில் ஆண்களுக்கு மட்டும் வரும் ‘எம்222’ என்ற மரபணு அடையாளம் வந்தால், பழங்கால ஐரிஷ் மன்னர் நியலின் வாரிசு என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வடமேற்கு அயர்லாந்தில் ஐந்தில் ஓர் ஆணுக்கு அது இருக்கிறது, ஸ்காட்லாந்திலும் பரவலாக உண்டு.

வீட்டில் மூத்தவர் இருக்கும்போது இளையவருக்கு முதலில் சோதனை செய்வது வீண். பாட்டியின் டிஎன்ஏ-வில் கால்பங்குதான் பேரனிடம் இருக்கும். ஆனால் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத பிள்ளை, மாறிப்போன அப்பா என்று எதுவும் வெளிவரலாம் என்பதைச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே எச்சில் மாதிரி எடுங்கள்.