மியூசியம் கூட்டிப்போகும் கல்லூரிகள் செய்யக்கூடாதவை

காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, அப்புறம் உதயகிரிக் கோட்டை, மதியச் சாப்பாடு முடிந்து கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகம், சாயங்காலம் கடற்கரை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் களப்பயணம் என்றால் இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள், முதல் தவறே இதுதான். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும், அங்கேயும் ஒரு மாணவருக்கு ஒரு பொருள் போதும். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்து பஸ் பிடித்துவிடாதீர்கள். 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் திருவிதாங்கூர் மன்னர்களின் இந்த அரண்மனையைக் கவனிப்பது கேரளத் தொல்லியல் துறைதான், ஆகவே சிறப்பு அனுமதி எதுவும் வேண்டுமென்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, பார்ப்பதற்கு முன்பே விளக்கிவிடுவது. அரண்மனையின் கறுப்புத் தரையைக் காட்டி, ‘தேங்காய்ச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு’ என்று சொல்லி முடித்துவிட்டால் பிள்ளைகள் யோசிக்க என்ன மிச்சம்? முதலில் பத்து நிமிடம் சும்மா பார்க்க விடுங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே இன்னும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிறது, யார் யார் நடந்திருப்பார்கள் என்று அவர்களே எழுதட்டும். பிறகு அந்தக் கலவையைச் சொல்லி, அது உண்மையா என்று எப்படிச் சோதிப்பது எனக் கேளுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து இறுகுவதைப் பாடத்தில் படித்த வேதியியல் மாணவருக்கு அங்கே நிறையப் பேச இருக்கும். ஆனால் அவரை யாரும் கூட்டிவருவதில்லை, வரலாற்றுத் துறையோடு பயணம் முடிந்துவிடுகிறது. உதயகிரியில் டிலனாய் கல்லறை இருக்கிறது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர். அந்தக் கல்லில் லத்தீனும் தமிழும் உண்டு. தமிழ்த்துறை மாணவர்கள் அதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

திரும்பி வந்ததும் ஐந்து பக்க அறிக்கை கேட்காதீர்கள், இணையத்திலிருந்து அப்படியே வந்து சேரும். பார்த்த பொருளின் கையால் வரைந்த படம், உத்தேச அளவு, பதில் கிடைக்காத மூன்று கேள்விகள், அவ்வளவு போதும்.

பஸ்ஸுக்குப் பணமில்லையா, சரி, வகுப்புக்கே பொருளைக் கொண்டுவாருங்கள். பாட்டி வீட்டில் தானியம் அளக்கும் நாழி, பழைய வலை, பனையேறுபவரின் பாளை அரிவாள் எல்லாம் இங்கே கேட்டால் கிடைக்கும். யார் வீட்டுப் பொருள், எப்போது திருப்ப வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை யாரும் தரமாட்டார்கள். அரிவாளை மட்டும் வாங்கிவந்து மேசையில் வைப்பதும் தவறுதான், அதைப் பிடித்த கையையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள், வண்டிக்கூலியும் சன்மானமும் கொடுத்து. அக்கானி (பதநீர்) இறங்கும் மாதங்களில் மட்டும் வேண்டாம், அப்போது அவருக்குக் காலையும் மாலையும் மரத்தில்தான் வேலை.