'குட் நைட் அண்ட் குட் லக்' படத்த நம்ம புள்ளைங்களுக்கு எப்படிப் போட்டுக் காட்டுறது

2005ல ஜார்ஜ் க்ளூனி எடுத்த படம் இது. 1950கள்ல அமெரிக்காவுல செனட்டர் மெக்கார்த்தி, ஆகாதவங்க எல்லாரையும் கம்யூனிஸ்டுன்னு முத்திரை குத்திக்கிட்டிருந்தப்ப, சிபிஎஸ் டிவியில செய்தியாளர் எட்வர்ட் மர்ரோவும் அவரு கூட இருந்தவங்களும் எப்படி எதிர்த்து நின்னாங்கங்கிறதுதான் கதை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல எங்க பிளாட்டுல நாலாம், அஞ்சாம் படிவம் படிக்கிற புள்ளைங்களுக்கு ரெண்டு தடவ போட்டேன். மொத தடவ ஒன்னுமே சொல்லாம போட்டுட்டேன், அரை மணி நேரத்துல பாதிப் பேரு ஃபோன எடுத்துட்டாங்க. ரெண்டாவது தடவ கீழ சொல்ற மாதிரி செஞ்சேன், ஒருத்தரும் எந்திரிக்கல.

மொதல்ல அனுமதி விஷயம். டேவான், அதாவது மண்டபம் எடுத்து, வெளி ஆளுங்களக் கூப்பிட்டுப் போடுறதா இருந்தா தணிக்கை வாரிய அனுமதியும் படத்தோட உரிமையும் இருக்கான்னு விசாரிச்சு எழுத்துல வாங்கிக்குங்க. இத லேசா நெனைக்காதீங்க, 2013ல கோலாலம்பூர்ல ஒரு மண்டபத்துல இலங்கைப் போரப் பத்தின ஆவணப்படத்த தணிக்கைக்குப் போகாம போட்டாங்கன்னு மனித உரிமை ஊழியர் ஒருத்தர் மேல கேஸ் போட்டு, 2017ல 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதிச்சாங்க.

படம் 93 நிமிஷம்தான், ஆனா முழுக்க கருப்பு வெள்ளை, எல்லாரும் வேகமா பேசுவாங்க, அதனால இங்கிலீஷ் சப்டைட்டில் கண்டிப்பா போடுங்க. படம் 1958ல ஒரு விருந்துல மர்ரோ பேசுறதுல தொடங்கி அப்புறம் 1953க்குப் பின்னாடி போகும், இத முன்கூட்டியே சொல்லலன்னா புள்ளைங்க கொழம்பிடும். இன்னொன்னு, மெக்கார்த்தியா யாரும் நடிக்கல, வர்றது எல்லாம் அந்த ஆளோட நெஜ பழைய காட்சிங்க. இதையும் சொல்லிட்டா நிமிர்ந்து ஒக்காந்து பாப்பாங்க.

இப்ப முக்கியமான வேல. படம் போடுறதுக்கு முன்னாடி ஒரு பிரவுன் கவர வாங்கி நல்லா ஒட்டி, மேல ஒரு பையனோட பேர எழுதி மேசையில வச்சிடுங்க, ஒன்னும் சொல்லாதீங்க. படத்துல மிலோ ராடுலோவிச்னு ஒரு விமானப்படை லெஃப்டினன்ட் கதை வரும். அவரு அப்பா ஒரு செர்பிய பேப்பர் படிச்சாராம், சகோதரியோட அரசியல் சரியில்லையாம், அதுக்காக இவர வேலையிலேர்ந்து நீக்கப் பாத்தாங்க. சாட்சி யாரும் வரல, குற்றச்சாட்டு எல்லாம் மூடின கவருக்குள்ள, அத அவருக்கும் காட்டல, அவரு வக்கீலுக்கும் காட்டல. அந்த எடத்துல படத்த நிறுத்துங்க. நான் நிறுத்தினப்ப பேரு எழுதியிருந்த பையன் மேசையவே பாத்துக்கிட்டு, "என் பேருதானே அங்கிள், நான் தொறக்கக் கூடாதா"ன்னு கேட்டான். கூடாதுன்னேன். அவன் மொகம் மாறினத எல்லாரும் பாத்தாங்க, அதுக்கப்புறம் நான் ஒன்னும் வெளக்க வேண்டி வரல. மர்ரோ 1953 அக்டோபர்ல இந்த கேஸ டிவியில போட்டாரு, அஞ்சு வாரத்துல விமானப்படை அவர வேலையில வச்சுக்கிச்சு.

அடுத்து நிறுத்த வேண்டியது மெக்கார்த்தியப் பத்தி மர்ரோ போட்ட 1954 மார்ச் 9 நிகழ்ச்சிக்கு அப்புறம். மர்ரோ திட்டினாரா, சத்தம் போட்டாரான்னு கேளுங்க. இல்ல, மெக்கார்த்தி பேசினதையே பெரும்பாலும் எடுத்துக் காட்டி, எங்கெல்லாம் முன்னுக்குப் பின் முரணா பேசியிருக்காருன்னு பக்கத்துல உண்மைய வச்சாரு, அவ்வளவுதான். எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் புடிச்சது இதுதான், ஏன்னா கோவப்படறது சுலபம், ஆதாரத்தத் தேடி அடுக்குறதுக்குத்தான் ராத்திரி பகலா ஒக்காரணும்.

படத்துல சக செய்தியாளர் ஒருத்தர் தற்கொலை பண்ணிக்கிறது வரும், டான் ஹாலன்பெக், நெஜமா நடந்தது. போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, யாராச்சும் வெளிய போய் நிக்கணும்னா நிக்கட்டும்.

ஒரு குறையும் எடுத்துச் சொல்லணும். மர்ரோ ஒரே ஆளா மெக்கார்த்திய சாய்ச்ச மாதிரி படம் பாத்தா தோணும். அவருக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதி அடி வாங்கினவங்க இருந்தாங்க. அப்புறம் மெக்கார்த்தி ராணுவத்தோட மோதின விசாரணை டிவியில நேரடியா போனது பெரிய அடி, 1954 டிசம்பர் 2ல செனட் அவரு மேல 67க்கு 22ன்னு கண்டனத் தீர்மானம் போட்டுச்சு.

முடிஞ்ச ஒடனே லைட்ட போட்டு நம்ம மலேசியக் கதைக்கு வாங்க. 1987 அக்டோபர் 27ல ஆரம்பிச்ச ஓப்பராசி லாலாங்ங்கிற போலீஸ் நடவடிக்கையில நூத்துக்கும் மேல ஆளுங்கள ஐஎஸ்ஏல, அதாவது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துல புடிச்சாங்க, தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் மூனு பேப்பரோட பெர்மிட்டையும் எடுத்துட்டாங்க. ஐஎஸ்ஏ விசாரணையே இல்லாம உள்ள வைக்கிற சட்டம், 2012லதான் போச்சு. இத சொல்றப்ப புள்ளைங்க திரும்பி அந்தக் கவரப் பாக்கும். கட்சி பேரெல்லாம் இழுக்காதீங்க, அங்க போனா பேச்சு சண்டையாயிடும்.

வீட்டுக்கு அனுப்புறப்ப ஒரு வேல குடுங்க, 1987ல வீட்டுல பெரியவங்க எந்த பேப்பர் படிச்சாங்க, நின்னுபோன பேப்பருக்குப் பதிலா என்ன படிச்சாங்கன்னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க. அடுத்த வாரம் ஒரு பொண்ணு வந்து, "தாத்தா அதப் பத்தி பேச மாட்டேன்னுட்டாரு அங்கிள்"னுச்சு. சரிம்மா, நச்சரிக்காத, அவரா பேசுறப்ப பக்கத்துல ஒக்காந்து கேளுன்னு சொன்னேன்.