என்ஜின் விசிறியைக் கழற்றுவதற்கான இரண்டு கருவிகளை நாமே செய்துகொள்ளும் முறை

றேடியேற்றருக்கும் என்ஜினுக்கும் இடையில் சுழலும் குளிரூட்டும் விசிறியைக் கழற்றாமல் வோட்டர் பம்பை மாற்ற முடியாத வாகனங்கள் பல உள்ளன. அவற்றுள் ஹையேஸ், ஹைலக்ஸ் போன்ற டொயோட்டா வாகனங்களில் வேலை எளிது. அவற்றில் விசிறியைத் தாங்கும் இணைப்பான விசிறிக் கிளச் நான்கு சிறிய நட்டுகளால் கப்பியில் பூட்டப்பட்டிருக்கும். பெல்ற்றின் இறுக்கம் கப்பியைப் பிடித்திருக்கும்போதே அந்த நட்டுகளை இளக்கிவிட்டு, அதன் பின்னர் பெல்ற்றைத் தளர்த்தினால் போதும். நம் ஊர்ப் பழைய மொறிஸ் மைனர் கார்களிலும் நான்கு போல்ற்றுகள்தான்.

சிக்கல் தருவது வேறொரு வகை. லாண்ட் றோவர் 300 ரி.டி.ஐ. என்ஜினிலும் பல பி.எம்.டபிள்யூ கார்களிலும் கிளச்சின் பின்புறத்தில் 32 மில்லிமீற்றர் அளவுள்ள ஒற்றைப் பெரிய நட்டு இருக்கும். தடித்த ஸ்பனர் அந்த இடுக்கில் நுழையாது. நுழைந்தாலும் நட்டோடு கப்பியும் சேர்ந்து சுற்றும். எனவே மெல்லிய ஸ்பனர் ஒன்றும் கப்பியை அசையாமல் பிடிக்கும் சட்டம் ஒன்றும் வேண்டும். கடையில் விற்கும் கருவிக்குக் காத்திராமல் இவை இரண்டையும் பட்டை இரும்பில் செய்துகொள்ளலாம்.

ஸ்பனருக்கு இரண்டரை அங்குல அகலமும் கால் அங்குலத் தடிப்பும் ஒன்றரை அடி நீளமும் கொண்ட துண்டு ஒன்றை இரும்புக் கடையில் வெட்டி வாங்குங்கள். நட்டின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையிலான அகலத்தை அளந்து, முதலில் தடித்த காகித அட்டையில் வாயை வெட்டி, அது நட்டில் சரியாக அமர்கிறதா, விசிறியின் இதழ்களில் கைபிடி இடிக்கிறதா என்று வைத்துப் பாருங்கள். பின்னர் அந்த வடிவத்தை இரும்பில் வரைந்து, வாயின் உள்மூலைகள் இரண்டிலும் சிறு துளையிட்டு, கோட்டுக்குச் சற்று உட்புறமாகக் கிறைண்டரால் வெட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கிறைண்டரைத் தொடக் கூடாது. மீதியை அரத்தால் தேய்த்தே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு வாய் தளர்ந்துவிட்டால் அது நட்டின் மூலைகளை உருட்டிவிடும். சாதாரண பட்டை இரும்பு சில தடவை பயன்படுத்தியதும் வாய் விரியக்கூடும். கொல்லர் கத்தி அடிக்கப் பயன்படுத்தும் வில்லுத்தகடு இதைவிட உறுதியானது என்றாலும், தொடக்கநிலையில் உள்ளவர் அதை அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது கடினம்.

பிடிசட்டத்துக்கு ஓர் அங்குல அகலப் பட்டை போதும். கப்பியில் அடுத்தடுத்துள்ள இரண்டு போல்ற்றுத் தலைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து, தலைகள் உள்ளே நுழையுமாறு இரண்டு துளைகள் இடுங்கள். 10 மில்லிமீற்றர் ஸ்பனர் பிடிக்கும் தலைக்கு 12 மில்லிமீற்றர்த் துளை பொருந்தும். பட்டை நடுநட்டில் முட்டினால் அந்த இடத்தை மட்டும் பிறைவடிவில் வெட்டி எடுங்கள்.

கருவிகள் ஆயத்தமானாலும், எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது. ஒற்றைப் பெரிய நட்டுள்ள லாண்ட் றோவர், பி.எம்.டபிள்யூ ஆகிய இரண்டிலும் மரை இடப்பக்க மரையாகும். வாகனத்தின் முன்னால் நின்று பார்க்கும்போது விசிறி மணிக்கூட்டு முள் திசையில் சுழல்கிறது. காற்றின் எதிர்ப்பு விசிறியைப் பின்னிழுப்பதால் ஓட்டத்திலேயே நட்டு இறுகிக்கொள்ளும் வகையில் இவ்வாறு அமைத்திருக்கிறார்கள். ஆகவே விசிறி சுழலும் அதே திசையில், அதாவது மணிக்கூட்டு முள் திசையில் திருப்பினால்தான் நட்டு இளகும். பழக்கதோஷத்தில் மறுபக்கம் திருப்பினால் மேலும் இறுகும்.

வேலையைத் தொடங்கும்போது என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பற்றறியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, விசிறிக் கூட்டின் போல்ற்றுகளை எடுத்துக் கூட்டை மேலே தூக்குங்கள். சில வாகனங்களில் அது விசிறியோடு சேர்ந்தே வெளியே வரும். றேடியேற்றரின் மெல்லிய தகடுகளில் இரும்பு பட்டால் நசிந்துவிடும் என்பதால், அதன் முன் ஒரு காகித அட்டையை நிறுத்துங்கள். பெல்ற்றைக் கழற்ற வேண்டாம். தீவுப்பகுதி, கரையோரப் பாவனையில் உப்புக்காற்றால் துருவேறிய நட்டென்றால், துருநீக்கும் எண்ணெயைத் தெளித்து முந்திய இரவே ஊறவிடுங்கள்; கிளச்சின் உள்ளே திரவமும் அருகில் பிளாஸ்ரிக்கும் இருப்பதால் நெருப்புக் காட்டக் கூடாது. பிடிசட்டத்தைக் கப்பியில் மாட்டி ஒருவர் பிடித்திருக்க, ஸ்பனரின் கைபிடி நுனியில் சுத்தியலால் ஒரே வீச்சாகச் சுருக்கென்று தட்டுங்கள். மெதுவாக இழுப்பதைவிட இந்த அதிர்ச்சியே நட்டை இளக்கும். இளகியபின் மிச்சத்தைக் கையால் சுற்றி எடுக்கலாம்.

கழற்றிய கிளச்சைப் படுக்கவைக்காமல், வாகனத்தில் இருந்த நிலையிலேயே நிமிர்த்தி வையுங்கள். இல்லையெனில் அதனுள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசியக்கூடும். எண்ணெய்க் கசிவோ தள்ளாட்டமோ தெரிந்தால் கிளச்சை மாற்றிவிடுங்கள். வெடிப்புள்ள இதழை ஒட்டிப் பயன்படுத்தவே கூடாது.

பூட்டும்போது மரையைத் துடைத்து, கையாலேயே இடப்பக்கம் சில சுற்றுகள் ஏற்றியபின் ஸ்பனரால் அளவோடு இறுக்குங்கள். என்ஜினை இயக்குமுன் விசிறியைக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, கூட்டில் எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். வோட்டர் பம்பையும் மாற்றியிருந்தால், றேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடி நீர் உள்ளே படிவாகிக் குழாய்களை அடைக்கும். கூலன்ற்றுடன் காய்ச்சி வடித்த தண்ணீரையே கலந்து நிரப்புங்கள்.