அப்பா அம்மா படிச்ச காலேஜ்ல பிள்ளைக்கு சீட்டு கெடைக்குமா? லெகசிய எப்படி கணக்கு போடறது

அமெரிக்கால காலேஜ் அப்ளை பண்ற எல்லார் வீட்லயும் ஒரு தடவையாவது இந்த பேச்சு வரும், "அவங்கப்பா அங்கதானே படிச்சாரு, அவனுக்கென்ன". அப்பா அம்மா அங்க படிச்சவங்கன்னு பிள்ளைக்கு காட்டற இந்த சலுகைக்குதான் லெகசின்னு பேரு. எந்த காலேஜ்னு பாக்காம இத நம்பவே கூடாதுங்க.

மொதல்ல காலேஜ் பேரோட காமன் டேட்டா செட்னு (காலேஜே வருஷா வருஷம் போடற அட்மிஷன் விவரம்) சேத்து தேடுங்க. பிடிஎஃப் வரும், அதுல சி7னு ஒரு டேபிள். மார்க்கு, எஸ்ஸே, ரெக்கமண்டேஷன்னு வரிசையா எறங்கி வந்தா ஆலம்னி ரிலேஷன்னு (அங்க படிச்சவங்களோட உறவு) ஒரு வரி, அதுக்கு நேரா நாலு கட்டம். 'நாட் கன்சிடர்ட்'ல குறி இருந்தா அந்த காலேஜுக்கு லெகசி பேச்சையே விட்ருங்க. எம்ஐடி, கால்டெக் பாக்கறதே இல்ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எப்பவோ நிறுத்தியாச்சு, ஆம்ஹர்ஸ்ட் 2021ல, வெஸ்லியன் 2023ல. பழைய வருஷ பிடிஎஃப் வேணாம், ஏன்னா இது மாறிட்டே இருக்கு, கலிஃபோர்னியால 2024ல சட்டம் போட்டு மாநில உதவித்தொகை வாங்கற பிரைவேட் காலேஜுக்கும் தடைன்னாங்க, ஸ்டான்ஃபோர்ட் என்னடான்னா மாநில உதவித்தொகை போனா போகுது, லெகசி இருக்கட்டும்னுட்டாங்க!

அடுத்து, யாரு படிச்சா கணக்கு? அப்பா அம்மாதான் முக்கியம். தாத்தா பாட்டி சில எடத்துல, சித்தப்பா மாமால்லாம் சும்மா பெருமைக்கு. நம்மாளுங்க கோட்ட விடறது இங்கதான், ஊர்ல டிகிரி முடிச்சுட்டு இங்க வந்து எம்எஸ் பண்ணவங்கதானே நெறைய பேரு, ஆனா சில காலேஜ்ல அண்டர்கிராட், அதாவது மொத டிகிரி, படிச்சாதான் லெகசி. அட்மிஷன் ஆபிஸுக்கு ஒரு மெயில் போட்டு கேட்ருங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க.

லெகசி பாக்கற காலேஜ்ல அது எவ்ளோ உதவும்? ஹார்வர்ட் அட்மிஷன் முறைய எதுத்து போட்ட கேஸ்ல கோர்ட்டுக்கு வந்த கணக்குப்படி 2014லேருந்து 2019 வரைக்கும் படிச்சு முடிக்கற பேட்ச்ல லெகசி பசங்கள்ல சுமார் 34 சதவீதம் பேருக்கு சீட்டு, மத்தவங்களுக்கு 6 தான். பெரிய வித்தியாசம்தான், ஆனா அது முழுக்க லெகசியால வந்ததில்ல, அந்த பசங்களுக்கு நல்ல ஸ்கூல், வசதி எல்லாம் கூடவே இருக்கு. அப்பவும் மூணுல ரெண்டு பேருக்கு நோதான்.

செய்ய வேண்டியது கம்மிதான். காமன் ஆப்ல (நெறைய காலேஜுக்கு ஒரே அப்ளிகேஷன்) ஃபேமிலி பகுதில அப்பா அம்மாவோட காலேஜ், டிகிரி, வருஷம் சரியா போடுங்க, அது போதும். எஸ்ஸேல "எங்கப்பா இங்க படிச்சாரு"ன்னு ஆரம்பிக்க வேணாம் ப்ளீஸ், அப்பாவ பத்தி தெரிஞ்சு அவங்க என்ன பண்ணப்போறாங்க, பையன் எந்த ப்ரொஃபசர்கிட்ட என்ன படிக்கப்போறான்னு எழுத சொல்லுங்க. வருஷா வருஷம் நூறு டாலர் டொனேஷன் குடுக்கறதால எல்லாம் கதவு தெறக்காது. லெகசிய நம்பி எர்லி டிசிஷன், அதாவது ஒரே காலேஜுக்கு முன்னாடியே வாக்கு குடுத்து அப்ளிகேஷன், போடறதா இருந்தா, கெடச்சா சேந்தே ஆகணும், வேற காலேஜ் குடுக்கற பண உதவியோட ஒப்பிட்டு பாக்க முடியாது, அதனால அந்த காலேஜ் சைட்ல நெட் பிரைஸ் கால்குலேட்டர்ல வீட்டு வருமானத்த போட்டு தொகைய பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.